சர்க்கரை இல்லாத வீடு

காலை பதினொன்று பத்துக்கு மூன்றாவது தட்டும் ஓவனுக்குள் போனது.

முதல் தட்டு பிஸ்கட் உதிர்ந்துபோனது. எடுத்தால் கையில் மணல். இரண்டாவது கருகியது. லிஃப்ட் மெக்கானிக் இரண்டையும் செய்தித்தாளில் கொட்டிச் சுருட்டி, மகள் கண்ணில் படாமல் குப்பைக்கூடையின் அடியில் அமுக்கினான். பாதாம் மாவு தீர்ந்துவிட்டது. வருஷக் கடைசி லீவுக்குக் கடைகள் நேற்றே மூடிவிட்டன. இதுவும் சொதப்பினால் அவ்வளவுதான்.

ஓவன் கண்ணாடி முன்னால் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தான். பாதாம் மாவு, வெண்ணெய், ஒரு முட்டை, இரண்டு கரண்டி பட்டைத் தூள், சர்க்கரைக்குப் பதிலாகப் போடும் வெள்ளைப் பொடி. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்தது. ஒரு பிஸ்கட்டில் மாவுச்சத்து ஒரு கிராம்கூடத் தேறாது என்று கீழே அச்சடித்திருந்தார்கள். அந்த வரியை அவன் பேனாவால் கோடிழுத்து வைத்திருந்தான்.

மகளுக்குப் பதினொரு வயது. அவன் கூப்பிடுவது வாலு என்று. வாலுவுக்குச் சர்க்கரை வியாதி வந்து எட்டு மாதம். அவனும் மனைவியும் பிரிந்து மூன்று வருஷம். இந்த எட்டு மாதத்தில் மகள் அவன் வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. மனைவி விடவில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. பெற்றோருக்கு நடத்திய வகுப்பில் நர்ஸ் ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திக் காட்டியதும் எழுந்து வெளியே போனவன் அவன். முகம் கழுவித் திரும்பி வந்தபோது பாதி வகுப்பு முடிந்திருந்தது.

"நாலு நாள்," என்று மனைவி போனில் சொல்லியிருந்தாள். "ஒரு ட்ரையல்னு வச்சுக்குங்க. ஏதாவது ஏடாகூடம் ஆச்சு, அடுத்த லீவைப் பத்தி என்கிட்ட பேசவே கூடாது."

அவன் வீட்டைத் துடைத்து வைத்தான். சர்க்கரை டப்பாவைத் தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டான். தேன், ஜாம், பழச்சாறு, ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாம் போயின. அவனுக்கே டீ இப்போது பாலில்லாமல், சர்க்கரையில்லாமல். எறும்புகள் கோபித்துக்கொண்டு வேறு வீடு பார்த்துப் போய்விட்டன.

"அப்பா, இது நோயாளி பிஸ்கட்டா?"

வாலு சமையலறை வாசலில் நின்றாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் சர்க்கரை இல்லாத பிஸ்கட் ஒன்றை வாங்கிக் கொடுத்தபோது, ஒரு கடி கடித்து, "அட்டைப்பெட்டி," என்று கையில் துப்பியவள். அதற்கப்புறம் நோயாளி என்று ஒட்டிய எதையும் தொடுவதில்லை.

"சேச்சே. சாதா பிஸ்கட்."

"நிஜமா?"

"பின்ன? மோந்து பாரு."

பட்டை மணம் வீடு முழுக்கக் கிளம்பியிருந்தது. அவள் மூக்கை உறிஞ்சினாள். நம்பிவிட்டாள்.

அவன் கணக்கு வேறு. ஒரு லிஃப்டைச் சரிசெய்தால் முதலில் ஆளில்லாமல் ஓட்டிப் பார்ப்பான். ஓடினால்தான் வாயைத் திறப்பான். இதிலும் அப்படியே. அவள் சாப்பிடட்டும். இரண்டு மணி நேரம் கழித்து சர்க்கரை மீட்டரில் பார்க்கலாம். நம்பர் ஏறியிருக்காது. அப்போது சொல்லலாம்: பார்த்தியா, நீ சாப்பிட்டதுல சர்க்கரையே கிடையாது. அவள் முகம் எப்படிப் போகும் என்று யோசித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டான்.

கூடத்தில் போன் அடித்தது. வாலு எடுத்தாள். "அப்பா பிஸ்கட் சுடுறாரும்மா... சாதாதான்... ம்... ம்... சரிம்மா." அதற்குமேல் ஓவனின் இரைச்சலில் கேட்கவில்லை.

மூன்றாவது தட்டு உதிரவில்லை, கருகவில்லை. ஓரம் பொன்னிறம், நடுவில் மெத்து. ஆறவைத்துத் தட்டில் அடுக்கினான்.

"இரு, கை கழுவிட்டு வரேன்," என்று வாலு தன் சின்னப் பையோடு பாத்ரூமுக்குப் போனாள். திரும்பி வந்து மூன்று எடுத்தாள். எண்ணித்தான் எடுத்தாள்.

"எப்படி?"

"பரவாயில்ல." இரண்டாவதைக் கடித்தாள். "அம்மாவுக்கு இதெல்லாம் வராது. நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாத."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவினான். கண் கரித்தது.

சீட்டாட உட்கார்ந்தார்கள். வாலு எப்போதும்போல் அவன் சீட்டை எட்டிப் பார்த்தாள், எப்போதும்போல் இல்லை என்று சாதித்தாள். மூன்று ஆட்டம் அவளுக்கு. நான்காவதில் தன் முறை வந்தும் போடாமல் இருந்தாள்.

"போடு வாலு."

"போட்டுட்டேன்."

"எங்க போட்ட?"

"போட்டேன்னு சொல்றேன்ல," என்று சீட்டுக்கட்டை வீசினாள். பிறகு சிரித்தாள். அது எதற்கும் பொருந்தாத சிரிப்பு. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. வெளியே குளிர்.

"கை நடுங்குதுப்பா."

அவன் மீட்டரை எடுத்தான். ஸ்ட்ரிப்பைத் தலைகீழாகச் செருகினான். திருப்பிச் செருகினான். அவள் விரலைத் தன் கையில் பிடித்துக் குத்தினான். முதல் தடவையாக, முகத்தைத் திருப்பாமல்.

நாற்பத்தேழு.

ஏறும் என்றுதான் எட்டு மாதமாகப் பயந்திருந்தான். தாளின் பின்பக்கம் ஒரு கட்டத்துக்குள் இருந்தது: எழுபதுக்குக் கீழே போனால் உடனே சர்க்கரை.

"பையில மாத்திரை வச்சிருப்பாளே அம்மா? இனிப்பு மாத்திரை?"

"பஸ்ல சாப்பிட்டுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"போர் அடிச்சுதுப்பா," என்றாள். நாக்கு குழறியது.

அவன் சமையலறைக்கு ஓடினான். அலமாரியைத் திறந்தான், மூடினான். முட்டை. வெண்ணெய். பட்டை. வெள்ளைப் பொடி பாதிப் பாக்கெட் இருந்தது. அதில் கரண்டியை விட்டு அள்ளிக்கொண்டு இரண்டடி நடந்தான். நின்றான். கண்ணுக்கு அது சர்க்கரை, நாக்குக்கும் சர்க்கரை. ரத்தத்துக்கு வெறும் சுண்ணாம்பு. கரண்டியைத் தொட்டியில் எறிந்தான். தொட்டியைப் பார்த்தபடி ஒரு கணம் நின்றான். ஒரு கிலோ சர்க்கரையை இதில்தான் கரைத்துவிட்டிருந்தான்.

"வாலு, தூங்கக்கூடாது. கேட்குதா? இப்ப வந்துடுறேன்."

அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கதவை விரியத் திறந்துவிட்டு ஓடினான்.

எதிர் வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டில் பூட்டு. மூன்றாவது கதவைத் தட்டினான். உள்ளே நாய் மட்டும் குரைத்தது. அதை வேளாவேளைக்கு யாரோ வந்து பார்த்துக்கொள்வார்கள் போல. ஒரு மாடி இறங்கினான். பூட்டு, பூட்டு. லீவென்றால் கட்டிடமே காலி. இன்னொரு மாடி. கோடியில் ஒரு வீட்டில் ரேடியோ பாடியது. இரண்டு கையாலும் கதவைக் குத்தினான்.

ரிட்டயர்டு தபால்காரர் சங்கிலியைக் கழற்றாமல் எட்டிப் பார்த்தார்.

"லிஃப்ட் ஒரு வாரமா ஓடல. நீ அந்த வேலைதானே பார்க்கிற? முட்டி கழண்டுடுச்சுய்யா எனக்கு."

"சார், கொஞ்சம் சர்க்கரை. சீக்கிரம்."

"டீக்கா? நான் டீயில போடுறதில்ல. எனக்கே சர்க்கரை, இருபது வருஷமா."

அவன் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"பொண்ணுக்கு இறங்கிடுச்சு சார். நாற்பத்தேழு."

சங்கிலி விழுந்தது. ஆணியில் தொங்கிய சட்டையின் பையிலிருந்து நாலு மிட்டாய். டிவி மேலிருந்து இரண்டு. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு குளுக்கோஸ் டப்பா.

"சர்க்கரைக்காரன் வீட்டுல சர்க்கரை இல்லாம இருக்குமா? கரைச்சுக் குடு. மிட்டாய் வேணாம், விக்கிக்கும். ஓடு, ஓடு. நான் பின்னாடி வரேன்."

மாடிப்படி இத்தனை இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. லிஃப்ட்காரன் படியை எண்ணியதில்லை.

வாலு கண்ணை மூடியிருந்தாள்.

"வாலு. ஏய், வாலு. கண்ணு, எழுந்திரு."

இமை அசைந்தது. அவளைத் தூக்கி மடியில் சாய்த்தான். டம்ளரில் பொடியைக் கொட்டிக் கலக்கினான்; பாதி தரையில். கரண்டியை உதட்டில் வைத்தான். வழிந்தது. முகவாயைப் பிடித்தான்.

"முழுங்குடா."

தொண்டை அசையவில்லை.

"அப்பாவுக்காக ஒண்ணே ஒண்ணு. முழுங்கு."

அசைந்தது. இன்னொரு கரண்டி. இன்னொன்று. கெஞ்சினான், அதட்டினான், என்ன பேசுகிறோம் என்று தெரியாமல் எதையோ பேசினான். சீட்டாட்டத்தில் இனிமேல் எல்லா ஆட்டமும் உனக்கே என்றான். ஓவனின் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் மாற ஒரு யுகம் ஆனது.

பத்து நிமிஷத்தில் ஐம்பத்திரண்டு. இன்னும் அரை டம்ளர். எழுபத்தொன்று. அவள் கண்ணைத் திறந்து, "ஏன் என் சட்டையெல்லாம் ஈரம்?" என்றாள். அவன் அவள் தலையைத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டான்.

தபால்காரர் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். வாலுவைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல் மேஜையிலிருந்த பிஸ்கட் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

"அட, நல்லா இருக்கே. எனக்கு ஆகுமா? சர்க்கரை போட்டிருக்கா?"

"இல்ல சார்."

வாலு தலையைத் தூக்கினாள்.

"இல்லையா?"

அவன் டம்ளரைத் தரையில் வைத்தான்.

"சாதா பிஸ்கட்னு சொன்னியே."

"நீ சாப்பிடமாட்டேன்னு..." அங்கேயே நின்றுவிட்டான். மெல்லத்தான் புரிந்தது. "வாலு, நீ இன்சுலின் ஊசி போட்டியா?"

"மூணு யூனிட். ஒரு பிஸ்கட்டுக்கு ஒண்ணு. அம்மாதான் போன்ல சொன்னா, எண்ணிப் போடுன்னு."

"எப்ப போட்ட? எங்க போட்ட?"

"பாத்ரூம்ல. நீ பார்த்தா உனக்கு மயக்கம் வரும்ல."

தபால்காரர் பாதி பிஸ்கட்டைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "இல்லாத சர்க்கரைக்கு மூணு யூனிட்னா இன்னும் வேலை முடியலப்பா," என்றார். "ஊசி இன்னும் ரெண்டு மணி நேரம் சர்க்கரையை இழுக்கும். மறுபடி இறங்கும். நான் பெரிய உடம்பு, என் கணக்கு வேற. பிள்ளைக்கு எவ்வளவு குடுக்கணும்னு தெரிஞ்சவங்களைக் கேளு." டப்பாவை மேஜைமேல் விட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கிப் போனார்.

தெரிந்தவள் ஒருத்திதான். மகளின் எடை, அளவு, எந்த நேரத்தில் எவ்வளவு ஏறும், எவ்வளவு இறங்கும், எல்லாம் அவள் விரல்நுனியில். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அவர்கள் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

மறுபடி குத்தினான். அறுபத்தாறு.

டம்ளரில் கரைத்துக் கொடுத்தான். அவளே பிடித்துக் குடித்தாள். அவன் போனை எடுத்ததும் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விரல் இன்னும் சில்லென்றிருந்தது.

"அம்மாவுக்கா?"

"ஆமா."

"சொல்லாதப்பா. இனிமே அனுப்பமாட்டா. நான் சரியாயிட்டேன் பாரு. நின்னு காட்டட்டுமா?"

நின்றாள். முழங்கால் ஆடியது. அவளை இழுத்து மடியில் உட்காரவைத்தான். அவள் கை இன்னும் அவன் மணிக்கட்டில் இருந்தது. மற்றக் கைக்குப் போனை மாற்றிக்கொண்டான். அழுத்தினான்.

போன் நாலு தடவை அடித்தது. ஐந்தாவது பாதியில் நின்றது. அந்தப் பக்கம் நிறையப் பேர் இருந்தார்கள். தட்டுகளின் சத்தம், யாரோ பாட்டுக்குக் கைதட்டினார்கள். மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் அவனிடம் சிரித்துப் பேசி மூன்று வருஷம் இருக்கும்.

"சொல்லுங்க, பிஸ்கட் வந்துச்சா, இல்ல ஓவன் வெடிச்சுதா?"