லிஃப்ட்டில் மாட்டிய தையல்காரர்

என் தலைமேல் கைவைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

தையல் கம்பெனியின் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே தையல்காரரும் அவர் மச்சினனும் மாட்டிக்கொண்டு மூன்று வருடமாகியிருந்தது. பொத்தானை அழுத்தினால் மேனேஜரின் குரல் மட்டும் வரும்: "உங்கள் பொறுமைக்கு நன்றி." தையல்காரரின் மனைவி தினமும் கதவிடுக்கில் சாப்பாட்டைத் தள்ளிவிட்டு, "இன்னிக்காவது வீட்டுக்கு வருவீங்களா?" என்று கேட்பாள்.

ஒருநாள், தேர்தலில் நிற்கும் ஒருவர் வந்து கதவைத் தட்டினார்.

"அண்ணே, உள்ள மூச்சு முட்டுதா?"

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படி விசாரித்த முதல் ஆள் இவர்தான்.

"உங்கள அடைச்சு வச்சது மேல்மாடிக்காரங்கண்ணே! அவங்கள நான் சும்மா விடமாட்டேன்!"

"மாமா, கதவத் திறப்பாரான்னு கேளுங்க," என்றான் மச்சினன்.

"சும்மா இருடா. மனுஷன் நமக்காகத் தொண்டை கிழியக் கத்துறாரு. அவரப் போயி கதவு கிதவுன்னு தொந்தரவு பண்ணிக்கிட்டு!"

இருவரும் கதவிடுக்கு வழியாகவே ஓட்டுப் போட்டார்கள். அவர் ஜெயித்தார். நன்றிக்கடனாக லிஃப்ட்டின் கூரையில் ஒலிபெருக்கி கட்டினார். மேல்மாடிக்காரர்களுக்கு விழும் திட்டு இப்போது நாள் முழுக்கக் கேட்கிறது. சாப்பாடு இன்னும் கதவிடுக்கில்தான் வருகிறது. மனைவி கேட்பது மட்டும் அந்தச் சத்தத்தில் உள்ளே கேட்பதில்லை.

அந்தக் கட்டடத்துக்கு மாடியே கிடையாது.