நான்கில் தொடங்கிய கணக்கு

கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் சந்தனம் வழிந்துகொண்டிருந்தது. சூடு தணிய ஒரு பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருந்தோம். அந்த வழியாக உள்ளேயும் மஞ்சள் தண்ணீர் சொட்டியது. என் மாமனார் தண்டாயுதபாணி சூடத் தட்டோடு திரும்பி, "கும்புட்டுக்கம்மா" என்றார். பெட்டிக்குள் விசிறி நின்றுபோயிருந்தது, கருகிய வாடை வந்தது.

குமாரபாளையத்தில் ஆயுத பூசையன்று ஓடுகிற எதையும் நிறுத்திக் கழுவிப் பொட்டு வைத்துவிடுவார்கள். தறி, மோட்டார், ஸ்கூட்டர், கத்தரிக்கோல் வரைக்கும். இந்தப் பெட்டியை நிறுத்தவே கூடாது என்று என் வீட்டுக்காரர் சந்திரசேகர் அப்பாவிடம் சொல்லியிருந்தார். ஏன் என்று விளங்கச் சொன்னாரா? அதற்கு மட்டும் மனுஷனுக்கு வாய் வராது.

ஆடியிலிருந்து அதில் ஓடியது ஒரே ஓர் எண். இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான தடவை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. எங்கள் தறி ஷெட்டுச் சுவர் முழுக்க எழுதினாலும் இடம் போதாது. ஒன்றையும் தன்னையும் தவிர எதாலும் அது வகுபடாதா என்பதுதான் கேள்வி. வகுத்துப் பார்க்க ஆயுள் போதாதாம். அதனால் நான்கில் தொடங்கி, வந்ததை அதாலேயே பெருக்கி, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை வைத்துக்கொண்டு மறுபடி பெருக்க வேண்டும். கடைசி மீதி பூஜ்யமானால் பகா எண். நடுவில் எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓர் இலக்கம் பிசகினாலும் அப்புறம் வருவதெல்லாம் குப்பை.

இது முடிந்தால்தான் ஆய்வேடு. ஆய்வேடு இருந்தால்தான் அவருடைய கல்லூரி வேலை நிலைக்கும். இந்த மாதக் கடைசிக்கு மேல் பல்கலைக்கழகம் கெடு தராது. கணக்கு முடிய இன்னும் சில நாள்தான் பாக்கி இருந்தது.

குளித்துவிட்டு வந்தவர் பெட்டியைப் பார்த்தார். சுவிட்சை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கணக்குக்கு இன்னொரு காப்பி எடுத்து வெச்சிருந்தீங்கல்ல?" என்றேன்.

"அதுவும் இதுக்குள்ளதான்."

இரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்த படித்த மனுஷனை என்ன சொல்ல? அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "மொதல்ல இருந்து ஓட்ட முடியாதுங்களா?"

"மார்கழி ஆயிரும், வித்யா."

மாமாவை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று திரும்பினேன். அதற்குள் அவரே மகன் பக்கத்தில் குனிந்தார்.

"நிறுத்தக்கூடாதுன்னியே சாமி, அதான் ஓடறப்பவே தீர்த்தம் தெளிச்சுப் போட்டேன். தறிக்கு முந்தி இதுக்குத்தான். நீ சோறு தண்ணியில்லாம கெடக்கறயே, நல்லபடியா முடியோணும்னு வேண்டிக்கிட்டேன்."

அந்தத் தறிகளுக்கு முன்னால் வேறெதற்கும் அவர் பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை.

"பொட்டியில வெளக்கெல்லாம் அணைஞ்சிருச்சே, கணக்கு முடிஞ்சுதா?" என்றார் மாமா.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். உண்மையைச் சொல்லிவிட வேண்டாம் என்று கத்தத் தோன்றியது எனக்கு.

"முடிஞ்சுதுங்கப்பா."

"நெனச்ச மாதிரியே வந்துருச்சா?"

"வந்துருச்சுங்கப்பா."

"ஆராயி, இங்க வா. எம்பையன் கணக்கு முடிச்சுட்டான்" என்று மாமா ஷெட்டுப் பக்கம் குரல் கொடுத்தார். ஆராயியும் மற்ற தறி ஓட்டுகிறவர்களும் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். மாமா பூசைப் பொரியில் முதல் கைப்பிடியை அள்ளி மகனுக்கு நீட்டினார். அவர் இரண்டு கையையும் ஏந்தி வாங்கி, அத்தனையையும் வாயில் போட்டுக்கொண்டார். அது உள்ளே இறங்கவில்லை. கன்னம் இரண்டும் புடைக்க, அப்பா பார்க்கிற வரைக்கும் சிரித்துக்கொண்டே இருந்தார்.