ஆற்றுக்குப் போன கோல் கம்பம்

அக்கரைக் கல்லூரியை வென்றால், கவட்டை போல மேலே இரண்டு கிளை விரிந்த கோல் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றில் போடுவது பிரென்ஹோல்ட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு நூறு வருட வழக்கம். கஷ்டம் என்னவென்றால், பத்தொன்பது வருடமாகக் கம்பம் நனையவே இல்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே பயிற்சியாளர் ஓரின் ட்வைட்டுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சனிக்கிழமை அக்கரைக்கு எதிராக அவருடைய அணி ஒரு புள்ளி முன்னால் நின்றது. கடைசி நேரத்தில் விசில் சத்தம் கேட்டதுதான் தாமதம், மாணவர் கூட்டம் மைதானத்தில் பாய்ந்து, கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஓடிவிட்டது.

நடுவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஆட்டம் முடியலைய்யா! இன்னும் ரெண்டு செகண்ட் இருக்கு!"

எதிரணிக்கு ஒரு உதை பாக்கி. பந்து கம்பத்தின் இரண்டு கிளைகளுக்கும் நடுவே போனால் வெற்றி அவர்களுக்கு.

"எங்க ஆளு எதைப் பாத்து உதைப்பான்?" என்று கத்தினார் அக்கரைப் பயிற்சியாளர்.

"பத்தொன்பது வருஷப் பசி, அவசரப்பட்டுட்டாங்க" என்று முனகிவிட்டு ஓரின் ஆற்றுக்கு ஓடினார்.

சொட்டச் சொட்டக் கம்பம் திரும்பி வந்தது. குழியில் நிறுத்தி, நடுங்கிக்கொண்டே எல்லோரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

"எவனாவது அசைச்சீங்க, தொலைச்சுடுவேன்!" என்றார் ஓரின்.

அக்கரை ஆட்டக்காரன் ஓடி வந்து உதைத்தான். பறந்து வந்த பந்து வலது கிளையில் 'டங்' என்று மோதி வெளியே விழுந்தது.

இந்த முறை யாரும் குதிக்கவில்லை. "இப்பப் போடலாமா, கோச்?" என்று ஈரத் தலையோடு கேட்டாள் கம்பத்தைப் பிடித்திருந்த மாணவி இங்க்ரிட்.

ஓரின் கடிகாரத்தைப் பார்த்தார், நடுவரைப் பார்த்தார்; ஆட்டம் முடிந்தது என்று நடுவர் தலையாட்டினார். பிறகு தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டுக் கம்பத்துக்குத் தோள் கொடுத்தார்.

"தள்ளுங்க, முன்பக்கம் எனக்கு. இந்தத் தடவை ஆழமான இடமாப் பாத்துப் போடுவோம்."