கதவில் மச்சான் பெயர்

எங்கள் தொழிலாளர் உதவி மையத்துக்கு யார் பணம் கொடுக்க வந்தாலும் உடனே வாங்கிவிட மாட்டோம். கொடுப்பவரின் பெயரை வாசல் கதவில் ஒரு வாரம் ஒட்டிவைப்போம். இவர்மீது யாருக்காவது புகார் உண்டா என்று கீழே கேட்டிருக்கும். ஒரே ஒரு புகார் வந்தாலும் பணம் வந்த வழியே திரும்பிவிடும். கூலிக்காகச் சண்டை போடுகிறவன், கூலி கொடுக்காதவனிடம் கை நீட்டக் கூடாது என்று தலைவர் போட்ட சட்டம் அது. அவர் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பேச்சு ஒன்றுதான், இரண்டு கிடையாது.

சட்டம் நல்ல சட்டம்தான். ஆனால் செயலாளர் என்று என்னை உட்காரவைத்துவிட்டார்களே, வாடகைக்கு யார் அழுவது? வந்தவர்களெல்லாம் கதவோடு போனார்கள். சிமெண்ட் வியாபாரி போனார், பஸ் முதலாளி போனார். ஒரு டாக்டர்கூட, அவருடைய நர்ஸ் வந்து வாயைத் திறந்ததும் போனார். உறுப்பினர் சந்தா டீ செலவுக்கே காணாது. மாதக் கடைசியில் இடத்தைக் காலி செய்யுங்கள் என்று கட்டடக்காரர் சொல்லிவிட்டார். மையத்தை இழுத்து மூடினால், எங்களை நம்பி வழக்குப் போட்டவர்கள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன், பிஸ்கட் கம்பெனி முதலாளி. ஒரு வருட வாடகையை மொத்தமாகத் தருகிறேன், பதிலுக்கு எதுவும் வேண்டாம் மாப்பிள்ளை என்றார். காலில் விழலாம் போலிருந்தது. மாப்பிள்ளை கௌரவம் தடுத்தது.

பெயரைக் கதவில் ஒட்டினேன். கம்பெனியில் பாக்கெட் போடும் பெண்கள் தினமும் அந்த வழியாகத்தான் போவார்கள். நின்று படித்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. மச்சான் தங்கமான மனிதர் என்று தலைவரிடம் மார்தட்டினேன். அவர் உம் கொட்டினார். கட்டடக்காரருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கடைசி நாள் சாயங்காலம், புகார் கொடுக்க வருகிறவர்கள் உட்காரும் பெஞ்சில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள். வீட்டுச் சாவி வாங்க வந்தாயா என்று கேட்டேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள், முதலில் அவர்களைக் கவனியுங்கள் என்றாள். விளையாடுகிறாள் என்றே நினைத்தேன். அவள் முறை வந்ததும் நேராகத் தலைவர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"எங்க அண்ணன் கம்பெனி கணக்கை வருஷக்கணக்கா நான்தான் வீட்டுல உட்கார்ந்து எழுதுறேன். சம்பளம்னு ஒத்தப் பைசா வாங்கினதில்ல. கேட்டா, தங்கச்சிக்கு எதுக்கும்மா சம்பளம்ங்கிறார்."

என் தலையில் இடி விழுந்தது. அவளைத் தனியே கூப்பிட்டுக் கெஞ்சினேன். ஒரே ஒரு நாள் பொறுத்திருந்தால் பணம் கைக்கு வந்திருக்குமே என்றேன்.

"பணத்தை வாங்கினப்புறம் வந்திருந்தா, என் புகாரை எடுத்திருப்பீங்களா?"

எடுத்திருக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெட்கமாக இருந்தது. விசாரணை முடியும்வரை சொந்தக்காரர்கள் வெளியே இருக்க வேண்டும் என்று சொல்லித் தலைவர் என்னை வராந்தாவுக்கு அனுப்பினார். மச்சானுக்கு, பணம் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் மேசை நாற்காலியை என்ன விலைக்கு விற்கலாம் என்று யோசித்தபடி போனேன். வாசலில் பாக்கெட் போடும் பெண்கள் திரண்டு நின்றார்கள். பெஞ்சில் இருந்த இருவர் விஷயத்தைத் தெருவெல்லாம் பரப்பியிருந்தார்கள். கூடுதல் நேர வேலைக்குக் கூலியே கிடையாதாம், எல்லோருக்கும் அதே புகார். ஒரு வாரமாக ஏன் வாயை மூடிக்கொண்டு போனீர்கள் என்று கடிந்துகொண்டேன். முன்னால் நின்ற பெண் பதில் சொன்னாள்.

"உங்க மச்சானைப் பத்தி உங்ககிட்டயே எப்படிங்க சொல்றது? உங்க வீட்டம்மாவே சொல்லி, அதுவும் எடுபட்டுச்சுன்னா, இனி எங்களுக்கு என்ன பயம்?"

அத்தனை பேரும் உறுப்பினராகச் சேர்ந்து சந்தா கட்டினார்கள். கம்பெனியே திரண்டு வந்ததில் அந்த மாத வாடகை தேறிவிட்டது. ரசீது எழுதி எழுதி எனக்கு விரல் மரத்துப்போனது. கொஞ்சம் வந்து எழுதிக்கொடேன் என்று மனைவிக்கு போன் போட்டேன்.

சம்பளம் எவ்வளவு என்று கேட்டாள்.