வெறும் ஜார்

குரோம்பேட்டையில் பைக்கோடு விழுந்து பிழைத்த தினகரனுக்கு, கல்யாணமான நான்கு வருஷமும் மண்டையிலிருந்து காணாமல் போயிருந்தன. பள்ளிக்கூடத்து ரோல் நம்பர்கூட ஞாபகம் இருந்தது; மனைவி அனுப்பிரியா மட்டும் யாரோ. மாத்திரையைத் தவறாமல் போட்டால் பழசெல்லாம் திரும்பலாம் என்றார் டாக்டர். ஏழு கட்டம் வைத்த டப்பாவில் ஞாயிறுதோறும் அனுப்பிரியாதான் மாத்திரைகளைப் போட்டு வைப்பாள். ஏழு மாதமாகியும் ஒன்றும் திரும்பவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. அந்த நான்கு வருஷம் கிடைத்தால் போதும், வேறெதுவும் அவனுக்கு வேண்டாம்.

"நான் எப்படிப்பட்டவன்?" என்று அடிக்கடி கேட்பான்.

"அதிர்ந்து பேச மாட்டீங்க" என்பாள் அனுப்பிரியா. ஒவ்வொரு தடவையும் அதே பதில்தான்.

அன்று செவ்வாய்க்கிழமை. மேடவாக்கத்து வீடுகளுக்கே உரிய வியாதி, விடிந்ததும் தரைக்கடிச் சம்பில் தண்ணீர் இல்லை. தண்ணீர் லாரிக்காரருக்கு போன் போட்டான். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்.

"அண்ணா, கேக்குதா? எத்தனை மணிக்கு வரும்?" என்று கத்தினான்.

சமையலறையில் மிக்ஸி அலறியது.

போனை வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தான். மிக்ஸி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஜாரில் ஒரு தேங்காய்ச் சில்லுகூட இல்லை. அனுப்பிரியா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அரைக்கிற?"

"சட்னி" என்று சொல்லிவிட்டு சுவிட்சை அணைத்தாள்.

லாரி வந்ததும் கீழே போனான். வீட்டுக்காரம்மா தையல்நாயகி சம்பு மூடியைத் திறந்துவிட்டு நின்றாள். மனசில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுகிற பொம்பளை.

"இன்னா தம்பி, ரொம்ப நாள் கழிச்சு இன்னிக்குத்தான் உங்க வூட்ல மிக்ஸி இப்டி அலறுது. முன்னல்லாம் நேரங்கெட்ட நேரத்துல ஓடிக்கினே இருக்கும். மாவு யாவாரம் பண்றீங்களோன்னு நெனச்சேன். நீ ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் அந்தக் கூத்து சுத்தமா நின்னுபோச்சு."

"அப்படியாக்கா?" என்றான்.

படியேறும்போது அவனுக்கு விளங்கிவிட்டது. ஒரு சத்தம் அக்கம்பக்கத்துக்குக் கேட்கக் கூடாதென்றால் அதைவிடப் பெரிய சத்தம் வேண்டும். அவள் எதை மூடி மறைத்தாள் என்று புரிந்துகொள்ள ஞாபகசக்தி எதற்கு? தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவமானமாக இருந்தது. ஆனால் அழுகை வரவில்லை.

சாப்பாட்டு மேஜையில் டப்பா இருந்தது. அனுப்பிரியா மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றாள். யோசித்துப் பார்த்தால், எப்போதும் அந்தப் பக்கம்தான் நிற்பாள்.

"அனு" என்று மெதுவாகத்தான் கூப்பிட்டான். "இனிமே மாத்திரை வேணாம். எனக்கு எதுவும் ஞாபகம் வர வேணாம்."

"யாரு என்ன சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. காலி ஜார் எதுக்கு ஓடுதுன்னு புரிஞ்சுபோச்சு."

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "அந்த டப்பால இருக்கறது டாக்டர் குடுத்த மாத்திரை இல்லீங்க. வெறும் சத்து மாத்திரை. முதல் வாரத்துலேர்ந்தே."

குரல் நடுங்கவில்லை. அவனுக்கும் கோபம் வரவில்லை. செவ்வாய்க்கிழமைக் கட்டத்தைத் திறந்து, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான்.

"அடுத்த வாரத்துக்கும் நீயே போட்டு வெச்சிடு" என்றான்.