தெரேசா வீட்டுத் தண்ணீர் முறை

ஸ்டைன்மாட் கிராமத்தில் மழை இல்லை என்று சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். சுற்றிவரப் பனிமலை. அண்ணாந்து பார்த்தால் பனியாறு. ஆனால் புல்லுக்குத் தண்ணீர் கிடையாது. வருகிற முகிலையெல்லாம் தெற்கிலும் வடக்கிலும் நிற்கிற பெரிய மலைகள் மறித்துக்கொள்ளும். இந்தச் சரிவுக்கு மிஞ்சுவது வெயிலும் காற்றும்தான். அப்படியிருந்தும் அறுநூறு வருடத்துக்கு மேலாக அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் ஒரு வாய்க்கால். பனியாற்றின் அடியில் தொடங்கி, காட்டுக்குள்ளால் வளைந்து, ஒரு செங்குத்துப் பாறையில் மரத்தொட்டியாகத் தொங்கி, ஊர்ப் புல்வெளிகளுக்கு வந்து சேரும். பாறையில் துளை போட்டு மரக்கட்டைகளைச் செருகி, அந்தக் கட்டைகளின் மேல் தொட்டியை ஏற்றியிருந்தார்கள். அதைக் கட்டும்போதும் திருத்தும்போதும் விழுந்து செத்தவர்களுக்கு வழிநெடுகச் சிலுவைகள் நிற்கின்றன. அந்தச் சிலுவைகளில் உள்ள பெயர்களைத்தான் ஊரில் இன்னும் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள்.

நான் அங்கே போனது எண்பத்தைந்தாம் ஆண்டுக் கடைசியில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அகதிகளை அந்த நாட்டில் மாநிலம் மாநிலமாகப் பிரித்தபோது அந்தப் பக்கம் விழுந்தேன். ஊர் விடுதியில் கோப்பை கழுவுகிற வேலை. என்னோடு தவச்செல்வன் என்ற பொடியனும் இருந்தான். மானிப்பாய்ப் பக்கம். வாய் ஓயாதவன். விடுதியின் பரணில் ஒரு கட்டில்தான் இருந்தது, அது அவனுக்கு. எனக்குத் தெரேசா என்ற விதவையின் வீட்டு மேலறையைத் தந்தார்கள்.

தெரேசாவுக்கு ஐம்பது வயது இருக்கும். புருஷன் செப்பி முந்தின இலையுதிர் காலத்தில் நெஞ்சு வருத்தத்தில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. சில மாடுகளும் ஒரு சரிவான புல்வெளியும் அவளுக்கு இருந்தன. வேலை முடிந்து வந்து அவளுடைய விறகு அடுப்பில் நான் சோறும் கறியும் வைப்பேன். தவச்செல்வன் மணம் பிடித்து வந்துவிடுவான். தெரேசாவும் ஒரு கரண்டி எடுத்து, கண்ணில் தண்ணீர் வர வரச் சாப்பிடுவாள். “எங்கடை அம்மாவுக்கும் இந்தக் கைப்பக்குவம் வராது, அண்ணை” என்று அவன் சட்டியை வழிப்பான்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வாய்க்காலில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு துண்டு. வசந்தத்தில் தண்ணீர் திறக்க முன்னம் தன் துண்டை அந்தந்த வீடு திருத்த வேண்டும். திருத்தாத வீட்டுக்கு, வீடு வீடாக மாறி வருகிற தண்ணீர் முறை அந்தக் கோடை முழுவதும் இல்லை. கூலிக்கு ஆள் பிடிக்கவும் முடியாது. அந்த வீட்டுக் கூரையின் கீழ் படுத்து, அந்த வீட்டு அடுப்பில் உண்கிறவன்தான் கை வைக்கலாம். தெரேசா வீட்டுக்குப் பரம்பரையாக விழுந்த துண்டு பாறைத் துண்டு. அந்த மாரியில் மேலிருந்து கல் விழுந்து இரண்டு தாங்கு கட்டைகள் முறிந்து, தொட்டி ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. தண்ணீர் இல்லாவிட்டால் புல் இல்லை. புல் இல்லாவிட்டால் மாடுகளை விற்க வேண்டும். மாடுகளை விற்றால் அந்த மலையில் அவளுக்கு வேலையில்லை.

பூசை முடிந்து கோயில் முற்றத்தில் ஊர் கூடியபோது, தன் வீட்டில் ஆள் இருக்கிறது என்று தெரேசா என்னைக் காட்டினாள். அலோயிஸ் என்பவர் உடனே மறுத்தார். அவருடைய புல்வெளி இவளுடையதற்குக் கீழே. அவளுக்கு அடுத்த முறை அவருக்கு, அவள் முறை போனால் அந்தத் தண்ணீரும் அவருக்குத்தான். வாடகைக்கு இருக்கிறவன் வீட்டாள் ஆகமாட்டான் என்றார். வாய்க்காலுக்குப் பொறுப்பானவர் எமில். நாங்கள் இரண்டு பேரும் அவரை, எங்கள் ஊரில் கிராம அதிகாரியைச் சொல்கிற மாதிரி, விதானை என்றுதான் எங்களுக்குள் சொல்வோம். விதானை என்னைப் பார்க்கவில்லை, தெரேசாவைப் பார்த்துக் கேட்டார்: எங்கே படுக்கிறான், எந்த அடுப்பில் சாப்பிடுகிறான். அவள் சொன்னாள். அப்படியென்றால் வீட்டாள்தான் என்று விதானை முடித்துவிட்டார். முதலில் அவன் ஏறட்டும் பார்ப்போம் என்றார் அலோயிஸ்.

விதானை என்னைக் கூட்டிப்போய்ப் பாறையைக் காட்டினார். செப்பி மேலிருந்து கயிற்றில் இறங்கி, ஊஞ்சல் மாதிரி ஆடித்தான் தொட்டியைப் பிடிப்பாராம். அந்த ஆட்டத்தைப் பழகவே அவருக்கு வருடக்கணக்கு எடுத்ததாம். என்னால் அது ஆகாது என்று கண்டவுடன் தெரிந்தது. ஆனால் பாறைக்குக் கீழே ஒரு படியில் லார்ச் என்கிற ஊசியிலை மரம் ஒன்று நின்றது. கிளை இல்லாமல் நெட்டையாக, பாறையை ஒட்டி, முறிந்த கட்டை வரைக்கும். பார்த்த உடனே என் காலுக்கு அது விளங்கிவிட்டது.

மரம் எனக்குப் பயமில்லை. பயம் தவச்செல்வனைப் பற்றியது. காலில் தளைநார் என்கிற கயிற்று வளையத்தைப் போட்டு மரத்தைக் கட்டிப்பிடித்து ஒருவன் ஏறினால், அவன் யார் என்று யாழ்ப்பாணத்தான் எவனும் கேட்கத் தேவையில்லை. நாங்கள் பனை ஏறிக் கள் இறக்குகிற சீவல் தொழில் செய்த ஆட்கள். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர்க் கிணறு இருந்தது. கட்டுக்கு வெளியே குடத்தோடு நிற்போம். யாராவது வந்து அள்ளி ஊற்றினால் கொண்டு போவோம். யாரும் வராவிட்டால் நின்றபடியே நிற்போம். தவச்செல்வன் வீட்டில் அப்படியான கிணறு இருந்தது என்பது அவன் பேச்சிலேயே தெரியும். அவன் என்னை எந்தப் பகுதி, என்ன சாதி என்று கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவன் வராமல் விட்டால் அந்த மலையில் எனக்குத் தமிழ் கதைக்க ஒரு நாதியில்லை.

ஆனாலும் மாட்டுத்தொழுவத்தில் குந்தியிருந்து சணல் கயிற்றை முறுக்கினேன். அவன் வந்து எட்டிப் பார்த்தான்.

“இதென்ன அண்ணை, மாட்டுக்கோ?”

“காலுக்கு.”

கயிற்றைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். “தளைநார்” என்றான்.

“ஓம். எங்கடை அப்பு ஏறினவர். மீசை முளைக்க முன்னமே நானும் ஏறினனான்.”

அவன் கயிற்றைத் திருப்பித் தந்துவிட்டுப் போனான். அன்று பின்னேரம் சாப்பிட வரவில்லை. பழக்கத்தில் அவனுக்கும் சேர்த்து வைத்த சோறு சட்டியில் கிடந்தது. தெரேசா சட்டியையும் என்னையும் பார்த்தாள். அவனுக்கு இன்றைக்கு வேலை கூடுதல் என்று சொன்னேன்.

அடுத்த நாள் ஊர் முழுக்க வாய்க்காலில் நின்றது. ஒவ்வொரு வீடும் தன் துண்டில் சேறு அள்ளி, கல் அடுக்கி, பலகை அடித்தது. நான் சப்பாத்தைக் கழற்றியதும் சிரித்தார்கள். உங்கள் நாட்டில் சப்பாத்து இல்லையா என்று ஒருவர் கேட்டார். தளைநாரைக் காலில் மாட்டி மரத்தைக் கட்டிப்பிடித்து இரண்டு எட்டு வைத்திருப்பேன், விதானை ஓடிவந்து என் சட்டையைப் பிடித்து இறக்கினார். முகம் வெளுத்திருந்தது. இடுப்பில் கயிறு இல்லாமல் இந்தப் பாறையில் ஒருவனும் ஏறக்கூடாது என்றார். பனையில் யார் கயிறு கட்டினார்கள்? அது என் யோசனையிலேயே இருக்கவில்லை. அதோடு, கயிற்றை மேலே நின்று பிடிக்கிறவர்களும் அதே வீட்டாராக இருக்க வேண்டும். செப்பி மாதிரி இறங்குகிறவன் கயிற்றை மேலே மரத்தில் கட்டிவிடலாம், கீழிருந்து ஏறுகிறவனுக்கு ஏற ஏற இழுத்துப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். பிடிக்கிறவன் சொந்த வீட்டானென்றால் கையை விடமாட்டான் என்பது அவர்களுடைய பழைய கணக்கு.

தெரேசா முன்னுக்கு வந்தாள். அலோயிஸ், ஒருத்திதானே என்றார். அவர் சொன்னது சரிதான். அங்கே நின்றவர்களில் எத்தனையோ பேர் பிடிக்க விரும்பியிருப்பார்கள், ஆனால் அவர்கள் வேறு வீடு.

அந்த நேரம் விடுதியிலிருந்து வேலைக்காரருக்குச் சூப் வாளி தூக்கிக்கொண்டு தவச்செல்வன் வந்தான். தெரேசா அவனை நோக்கிக் கையை நீட்டினாள்.

“அவனும் என் அடுப்பில்தான் சாப்பிடுகிறான்.”

அவன் படுக்கிறது விடுதியில் என்றார் அலோயிஸ். விடுதிக்குத் துண்டு இல்லை, எந்த வீட்டிலும் சேராத ஒருவனுக்கு அடுப்புப் போதும் என்றார் விதானை. பிறகு அவனிடமே கேட்டார்: உண்மையா, அந்த வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறாயா?

ஊரெல்லாம் அவனைப் பார்த்தது. நான் மரத்தைப் பார்த்தேன். அவன் இல்லை என்று சொன்னாலும் பொய்யில்லை, முதல் நாள் அவன் சாப்பிடவில்லை. தெரேசாவின் கோடை அவன் வாயில் நின்றது.

தவச்செல்வன் வாளியைக் கல்லில் வைத்தான். தனக்குத் தெரிந்த அந்த ஊர் டொச் மொழியில், தேவையை விட உரத்துச் சொன்னான்: ஓம், இந்த ஆள் சமைக்கிறதைத்தான் நான் சாப்பிடுகிறேன், மாரி முழுக்கச் சாப்பிட்டேன், இனியும் சாப்பிடுவேன். பிறகு என்னருகே வந்து என் இடுப்பில் கயிற்றை இறுக்கினான்.

“விழுந்தியளெண்டா என்னையும் இழுத்துக்கொண்டுதான் போவியள், அண்ணை. பாத்து ஏறுங்கோ.”

“நேற்று ஏன் வரேல்லை?”

“மடைத்தனம்” என்றான். “ஏறுங்கோ.”

அவனும் தெரேசாவும் சுற்றுவழியால் பாறையின் மேலே போனார்கள். கயிறு இறுகியதும் ஏறினேன். லார்ச் பட்டை பனை மாதிரி இல்லை. நெஞ்சைக் கிழித்தது, பிசின் ஒட்டியது, காற்று விரலை மரக்கப் பண்ணியது. ஆனால் காலுக்கு மறதி இல்லை. தொட்டியின் மட்டத்துக்கு வந்ததும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மரத்திலிருந்து இரண்டு கையையும் எடுத்து, கயிற்றில் சாய வேண்டும். பனையில் அப்படி ஒருநாளும் செய்ததில்லை. சாய்ந்தேன். கயிறு அசையவில்லை. முறிந்த அடிக்கட்டையைத் தட்டி வெளியே எடுத்தேன். மேலிருந்து புதுக் கட்டையை இறக்கினார்கள். துளையில் செருகி ஆப்பு அடித்தேன். மற்றதையும் அப்படியே. நான் இறங்கினேன். சப்பாத்து இல்லையா என்று கேட்டவர் என் சப்பாத்தைக் கொண்டுவந்து காலடியில் வைத்தார்.

விதானை தொட்டியில் நடந்து போய்க் கட்டைகளைச் சுத்தியலால் தட்டிக் கேட்டார். திரும்பி வந்து ஊருக்குச் சொன்னார்: “செப்பி வீட்டுத் துண்டு முடிந்தது.”

தெரேசாவின் உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன. தவச்செல்வனுடையதும்தான். அவன் கையை ஊதிக்கொண்டே, இண்டைக்கு நீங்கள்தான் உங்கடை கையாலை எனக்குச் சோறு தீத்திவிட வேணும் என்றான்.

ஆடி மாதம் தெரேசாவின் முறை வந்தது. முறையை மணிக்கூடு பார்த்து மாற்றமாட்டார்கள். மேலே உள்ள பாறையின் நிழல் புல்வெளியின் எல்லைக்கல்லைத் தொட்டால்தான் தண்ணீர் அடுத்தவருக்கு. அன்று கன்று போடுகிற மாட்டோடு அவள் நின்றதால் என்னைப் போகச் சொன்னாள். இரும்புத் தகட்டை வாய்க்காலுக்குக் குறுக்கே இறக்கினேன். தண்ணீர் கரை மேவி, சரிவு முழுவதும் மெல்லிசாகப் பரவியது. வெறுங்காலோடு அதற்குள் நின்றேன். பனியாற்றுத் தண்ணீர், எலும்பைக் கடிக்கும்.

அலோயிஸ் மண்வெட்டியோடு வந்தார். என்னைக் கண்டதும் தொப்பியை எடுத்தார். முடிந்ததா என்று கேட்டார்.

மேல் மூலை இன்னும் காய்ந்து கிடந்தது. நிழலும் கல்லுக்கு வரவில்லை.

“இன்னும் இல்லை” என்றேன்.

அவர் ஒரு கல்லில் குந்தி, குழாயில் புகையிலையை அடைத்துப் பற்றவைத்து, காத்திருந்தார். நான் அவசரப்படவில்லை. தகட்டை ஓரடி தள்ளி வைத்து, மேல் மூலைக்கும் தண்ணீர் போகப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிழல் கல்லைத் தொட்டதும், நானே தகட்டைத் தூக்கி அவர் பக்கம் தண்ணீரை விட்டேன்.