அக்காவின் இடத்துக்கு

இறந்துபோன மூத்தவளின் கல்யாண உடுப்பை இளையவளுக்குப் போட்டு, வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு அளவுக்குப் பிடித்துக் குத்தினாள் அம்மா. அடுத்த அறையில் அப்பாவும் மூத்தவளின் கணவனும் பேசி முடித்துவிட்டார்கள். மூத்தவள் விட்டுப்போன கைக்குழந்தைக்குத் தாய் வேண்டும். வெளியிலிருந்து வருகிறவள் பிள்ளையைப் பார்ப்பாளா? ஊர் உலகத்தில் நடக்காததா? பதினைந்து வயதுப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. ஊசி தோளில் ஏறியபோதும் அவள் அசையவில்லை.

மறுநாள் வகுப்பில் வாந்தி எடுத்தாள். பள்ளி நர்ஸ் அவளைத் தன் அறைக் கட்டிலில் படுக்கவைத்தாள். காய்ச்சல் இல்லை, நாடி மட்டும் தறிகெட்டு ஓடியது. அக்கா போன துக்கம் என்று நினைத்து, தண்ணீர் கொடுத்துப் பக்கத்திலேயே சும்மா உட்கார்ந்திருந்தாள். நெடுநேரம் கழித்துப் பெண்ணே வாய் திறந்தாள்.

"எல்லாரும் சொல்றமாதிரி அக்கா மாடிப்படியில விழல, சிஸ்டர். கடைசியா வந்தப்போ, திரும்பிப் போகமாட்டேன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டா. 'போயிட்டு வா, சரியாயிடும்'னு நான்தான் சொன்னேன். இப்ப என்னை அங்கேயே அனுப்பறாங்க."

நர்ஸ் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தாள்.

"போன்னு சொன்னது நீ ஒருத்தி இல்லம்மா. பெரியவங்க அத்தனை பேரும் சொல்லியிருப்பாங்க."

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஆள் புறப்பட்டாயிற்று என்றார்கள். தலைமையாசிரியைக்கு அது பிடிக்கவில்லை. அடுத்தவர் வீட்டு விவகாரம் நமக்கெதற்கு என்று, வந்து கூட்டிப்போகும்படி வீட்டுக்குச் சொல்லிவிட்டார்.

முதலில் வந்தது அம்மாதான். வாசலில் மருமகனின் கார் ஹாரன் அடித்தது. பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தரையைப் பார்த்தபடி, பிள்ளையை அனுப்புங்கள் என்றாள் அம்மா. நர்ஸ் கட்டிலை மறைத்து நின்றாள்.

"மூத்தவளைக் கடைசியா குளிப்பாட்டினது நீங்கதானேம்மா? அது படியில விழுந்த உடம்பா?"

அம்மாவின் உதடு கோணியது. வெளியே கார்க் கதவு அறைந்து சாத்தப்பட்டது. காலடிகள் தாழ்வாரத்தில் நெருங்கின.

"என்ன அத்தை, இன்னும் கிளம்பலையா?" மரியாதை குறையாத குரல்.

அம்மா கதவை நோக்கி நடந்தாள். பெண் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. அம்மா கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

"அவ வரமாட்டா, மாப்பிள்ள."

அவன் கதவைத் தட்டினான், மெதுவாகத்தான். அம்மா நகரவில்லை.